மேளம் காய்ச்சிய சாயங்காலம்

காசிநாதன் கூரைமேல் உட்கார்ந்து கரும்புச் சோகை வேய்ந்துகொண்டிருந்தார். கீழே நின்று சோகைக் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கொளஞ்சியம்மாள்தான் கோகிலவாணி வருவதை முதலில் பார்த்தாள். கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கம்மா" என்றார் காசிநாதன், மேலே இருந்தபடியே.

கோகிலவாணிக்கு என்னவோ போலாகிவிட்டது. ஏழெட்டு வருஷமாக அவர் அவளை வாணி என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரைக் காசிண்ணே என்பாள். ஊர்த்தெருவில் பிறந்தவள் காலனிக்காரரை அண்ணன் என்பதும், அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் லேசில் நடக்கிற காரியம் இல்லை. முக்கூட்டுக் கலைக்குழுவுக்குள் அது நடந்தது. குழுவை ஆரம்பித்தவள் கிர்ஸ்டன் என்ற டென்மார்க் நாட்டு நாடகக்காரி. கல்வராயன் மலையைப் பார்க்க வந்தவள் அடிவாரத்திலேயே தங்கிவிட்டாள். அவள் பேர் யார் வாயிலும் நுழையாமல் கிஷ்டம்மா ஆகிப்போனாள். ஊரிலிருந்து கூத்தாடிகள், காலனியிலிருந்து மேளக்காரர்கள், மலையிலிருந்து ஆட்டக்காரப் பெண்கள் என்று மூன்று பக்கத்து ஆட்களையும் ஓரிடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது அவள்தான். நாடகம் எழுதிக் கொடுத்தது கோகிலவாணி. விசா முடிந்து கிஷ்டம்மா தன் நாட்டுக்குப் போனபிறகு குழுவை நடத்துவதும் அவள்தான். மூன்று பக்கத்து ஆட்களும் இல்லாமல் மேடை ஏறுவதில்லை என்பது குழுவின் சட்டம். புதுச்சேரி, சென்னை, ஒரு தடவை டில்லி என்று போன இடத்திலெல்லாம் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள்.

புரட்டாசி பிறந்த சமயத்தில் ஊர்த்தெருச் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் செய்தார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை. ரோட்டோரப் புளியமரங்கள் வெட்டப்பட்டுக் குறுக்கே கிடந்தன. அங்கங்கே போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். அந்த வாரத்தில் ஒரு ராத்திரி, ரோட்டிலிருந்து திரும்பிய கூட்டம் ஒன்று இந்தக் காலனிக்குள் புகுந்தது. விடிந்தபோது மேற்கு வரிசையில் ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. யார் வைத்த நெருப்பு என்று ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. காலனியில் எல்லாருக்கும் தெரியும். அவர்களும் திறக்கவில்லை. மறுபடியும் அதே ஆட்களின் வயலுக்குத்தான் அறுப்புக்குப் போயாக வேண்டும்.

அதற்கப்புறம் குழு ஒரு தடவைகூடக் கூடவில்லை.

"பொங்கல் கழிச்சி ஆட்டம் வைக்கலாம்னு பாக்கறன் காசிண்ணே" என்றாள் கோகிலவாணி, கூரையை அண்ணாந்து பார்த்து. "வருஷத்தோட மொத ஆட்டம் எப்பவும் இங்கதான வைப்போம். இந்த வருஷமும் இங்கயே வைக்கலாம்."

"இங்கயா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"இங்கதான் அண்ணி வைக்கணும். எங்க வுழுந்தமோ அங்கதான எழுந்து நிக்கணும்?"

அது நாடக வசனம் மாதிரி இருந்தது. சொன்னபோதே அவளுக்கும் அப்படித்தான் பட்டது. கொளஞ்சியம்மாள் குனிந்து கட்டை எடுத்துக் கணவனுக்கு நீட்டினாள். காசிநாதன் அதை வாங்கிப் பிரித்துப் பரப்பி, மூங்கிலோடு சேர்த்துக் கட்டினார். கட்டி முடித்துத்தான் பேசினார்.

"மலையிலேருந்து வராங்களாம்மா?"

"பச்சையம்மா வரன்னு சொல்லி அனுப்பிச்சிருக்குது."

"இளமாறன்?" ஊர்த்தெருவிலிருந்து ராஜா வேஷம் கட்ட வருகிறவன் அவன்.

"அவனும்தான். அவன் அன்னிக்கி இங்க இல்ல காசிண்ணே. மரம் வெட்டனான்னு மொத நாளே போலீஸ் புடிச்சிக்கினு போயிட்டாங்க. ஒனக்கே தெரியும்."

"தெரியும்மா. அவன நான் ஒண்ணும் சொல்லல."

அவர் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முக்கூட்டு முடிந்தது. அவளுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பக்கம் இழப்பதற்கு இன்னொன்றும் இருந்தது. குழு ஆரம்பித்த மறு வருஷமே காசிநாதனும் அவர் கூட்டாளிகளும் ஊர்ச் சாவுகளுக்கு மேளம் அடிப்பதை விட்டுவிட்டார்கள். ஊர் குதித்தது, பஞ்சாயத்து வைத்தது, களத்துமேட்டுப் பக்கம் வராதே என்றது. 'எங்க மேளம் இனிமே மேடைக்குத்தான்' என்று காசிநாதன் ஒற்றைக்காலில் நின்றார். டில்லிக்குப் போய்வந்த போட்டோ பேப்பரில் வந்தபிறகு ஊர் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டது. குழு இல்லையென்றால் மேடை ஏது? கோகிலவாணி இதை அவரிடம் சொல்லத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். இங்கே வந்து அந்தப் புதுச் சோகையைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சொல்லாமலே அது அவருக்குப் போய்ச் சேரும் என்று ஒரு நம்பிக்கை உள்ளே இருந்தது. அந்த நம்பிக்கை கொஞ்சம் அசிங்கமானது என்பதையும் அவள் அறியாமல் இல்லை.

"சரிம்மா" என்றார் அவர். "ஒண்ணு மட்டும். மேளத்த வெயில்லயே நல்லாக் காய வச்சி எடுத்தாந்துடறோம். ஆட்டத்துல காய்ச்ச வேணாம்."

"பனி எறங்கனா தோல் தொய்ஞ்சி பூடுமே காசிண்ணே! நம்ம ஆட்டமே காய்ச்சறதுலதான தொடங்குது? அத்த எடுத்துட்டா அப்பறம் இன்னா இருக்குது?"

அவருக்கு மனசு விட்டுப்போயிருக்கிறது, அரைகுறையாக ஆட்டத்தை முடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். சோர்ந்துபோன நடிகர்களை ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டுப் பழகிய குரலில் மேலும் கொஞ்சம் பேசினாள். கொளஞ்சியம்மாள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றார் மறுபடியும்.

மேளம் காய்ச்சுவது என்பது பறையின் தோலை வைக்கோல் நெருப்பில் காட்டி இறுக்குவது. எந்த ஊரிலும் மேளக்காரர்கள் அதை ஒதுக்குப்புறத்தில் செய்துவிட்டுத்தான் வருவார்கள். கிஷ்டம்மா ஒரு நாள் அதைப் பார்த்தவள் பிரமித்துப்போய், 'இது ஏன் பின்னால்? இதுதான் ஆட்டத்தின் முகம்' என்று மேடைக்கு நடுவே கொண்டுவந்துவிட்டாள். அதோடு விடவில்லை. நெருப்பு வைப்பது யார் என்பதிலும் ஒரு வேலை செய்தாள். ராஜா வேஷம் கட்டிய ஊர்க்காரன் கிரீடமும் புஜக்கட்டையுமாக வந்து, காலனி மேளக்காரர்களின் காலடியில் வைக்கோலைப் பரப்பி, குனிந்து வணங்கி, நெருப்பு வைக்க வேண்டும். அந்த நெருப்பில் மேளம் காயக் காய, தொளதொளவென்று இருந்த சத்தம் ஏறி ஏறிக் கணீரென்று வரும். அது கணீரென்று வருகிற கணத்தில் மலைப் பெண்கள் கைகோத்து முதல் அடி எடுத்துவைப்பார்கள். புதுச்சேரியில் ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஊரில், எங்கள் பையன் காலனிக்காரன் காலடியில் நெருப்பு வைத்துக் கும்பிடுவதா என்று ஒரு வருஷம் சண்டை நடந்தது. சண்டை போட்டவர்களே பிறகு முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். கோகிலவாணிக்கு இந்த உலகத்தில் பிடித்தது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த இடத்தைத்தான் சொல்வாள்.

காலனியிலிருந்து திரும்பும்போது அவளுக்கு நடை துள்ளியது. அண்ணன் செல்லமுத்துவின் வீட்டில் பின்கட்டு அறையில் இருக்கிறவள் அவள். கல்யாணம் ஆகாமல் முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. அண்ணி முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லமாட்டாள், தண்ணீர்க்குடத்தை இறக்கி வைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுவாள். இந்த நாலு மாசமும் அந்த அறையில் உட்கார்ந்து குடத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததில் தான் யார் என்பதே அவளுக்கு மங்கிப்போயிருந்தது. இன்று அவர் சரி என்றதும் உடம்புக்குள் யாரோ விளக்கேற்றிவைத்த மாதிரி இருந்தது. இது அவர்களுக்காகச் செய்வது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே, அது ஏன் என்று அவள் நின்று பார்க்கவில்லை.

குழுவின் கொட்டகை கச்சிராயபாளையத்தில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. ஒரு காலத்தில் மரவள்ளிக் கிழங்கு போட்டு வைத்திருந்த இடம். எத்தனை சாணம் தெளித்தும் புளித்த கிழங்கு வாசனை போகவில்லை. பச்சையம்மாள் மலைப் பெண்களோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது இளமாறன் கிரீடத்துக்குக் கண்ணாடித்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா ராசா, ஜெயிலு சோறு துன்னு கன்னம் உப்பிக்கினு நிக்குது?" என்றாள் பச்சையம்மாள்.

"அங்க ஏதுக்கா சோறு? களிதான். ஒங்க மலைச் சாமைச்சோத்துக்கு ஏங்கிப் பூட்டன்."

"ஏங்குவ, ஏங்குவ. கொண்டாந்தா முருங்கக்கீரை இல்லியான்னு மூஞ்சியத் தூக்குவ."

மலைப் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கோகிலவாணி நினைத்தாள். சிரிப்பு அடங்கியதும் பச்சையம்மாள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாணி, எங்க ஆம்பளைங்க இதான் கடைசின்னு சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. கீழ்நாட்டுல ஒருத்தன் வூட்ட ஒருத்தன் கொளுத்திக்கறான், நீங்க அங்க போயி இன்னாத்துக்கு ஆடறீங்கன்னு கேக்கறாங்க. காசியண்ணன் அடிக்கறாருன்னா நான் போயி பேசிப் பாக்கறன். அவரு அடிக்கலன்னா எங்களக் கூப்டாத."

"அடிக்கறன்னு சொல்லிட்டாரு."

"அவரா கூப்டாரு? காலனில ஆடுங்கன்னு அவங்க கேட்டாங்களா?"

"நான்தான் கேட்டன்."

"ம்" என்றாள் பச்சையம்மாள். கூந்தலை அவிழ்த்து முடியத் தொடங்கினாள்.

இளமாறன் கிரீடத்தைக் கீழே வைத்தான். "அக்கா, எங்க பெரியப்பா மவன் கால்ல குண்டு வாங்கிக்கினு ஆஸ்பத்திரில கெடக்கறான். ரோட்டுல ஒக்காந்திருந்தான், அவ்ளோதான் பண்ணான். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அவனுக்கு ஒரு ஆட்டம் போடுவியா?"

"போடலாண்டா. மொதல்ல இது முடியட்டும்."

"எப்பவும் எங்க மொற அப்பறந்தான் வருது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி கிரீடத்தை மடியில் எடுத்துவைத்துக்கொண்டான்.

ஆட்டத்தன்று வெயில் தாழ்ந்ததும் காலனி நடுவில் இருந்த வெட்டவெளியில் பாய் விரித்தார்கள். முதலமைச்சர் இறந்ததற்குக் கட்டிய கறுப்புத்துணி இன்னும் கொடிக்கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேற்கு வரிசையில் புதுச் சோகைக் கூரைகள் வெளுப்பாகத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே மண்சுவர்கள் கறுப்பாகவே இருந்தன. கூட்டம் அதிகம் இல்லை. ஆண்கள் தூரத்தில் நின்றார்கள். பெண்கள் அவரவர் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் மட்டும் முன்னால் வந்து பாயில் இடம் பிடித்துக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். காசிநாதனும் மற்ற மேளக்காரர்களும் தோளில் மேளத்தோடு வட்டமாக வந்து நின்றார்கள். பச்சையம்மாளும் பெண்களும் பின்னால் கைகோத்து நின்றார்கள். மூன்று பக்கமும் வந்துவிட்டது. கோகிலவாணி பாயின் ஓரத்தில் நின்றபடி மூச்சை இழுத்து விட்டாள்.

இளமாறன் வைக்கோல் கட்டோடு வந்தான். முகத்தில் சிவப்பு அரிதாரம், தலையில் கிரீடம், நெஞ்சில் கண்ணாடித்துண்டுகள். வழக்கமாக அந்த இடத்தில் அவன் ராஜநடை போட்டு வருவான். அன்று சும்மா நடந்து வந்தான். வைக்கோலைப் பரப்பினான். வணங்கினான். தீப்பெட்டியை எடுத்தவன் குச்சியை உரசாமல் அவளைத் திரும்பிப் பார்த்தான். வசனம் மறந்துவிட்ட நடிகன் பார்க்கிற பார்வை என்று அவளுக்குத் தோன்றியது. அவள் தலையை ஆட்டினாள். வை, வை.

அவன் வைத்தான்.

காய்ந்த வைக்கோல் சட்டென்று பிடித்து ஆள் உயரத்துக்கு எழுந்தது. மேளக்காரர்களின் கைகள் பழக்கத்தில் நெருப்புக்கு நீண்டன. காசிநாதன் மேளத்தை ஒரு தடவை திருப்பிக் காட்டிக்கூட விட்டார். புகை காற்றில் சாய்ந்து பாயின் பக்கம் போனது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப்பெண் எழுந்து நின்றாள். கத்தவில்லை. வாயை மட்டும் திறந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையன்தான் கத்தினான்.

"வந்துட்டாங்கோ! எம்மா, வந்துட்டாங்கோ!"

அவ்வளவுதான். பாய் காலியாகிவிட்டது. பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எழுந்து பின்னால் இருந்த கரும்புத் தோட்டத்துக்குள் ஓடின. வாசலில் இருந்த பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்து ஓடினார்கள். ஒரு வயதான மனுஷன் ஒன்றும் தோன்றாமல் தன் வீட்டுக் கதவைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். கொளஞ்சியம்மாள் குடத்தோடு நேராக நெருப்பை நோக்கி வந்தாள். பாதித் தண்ணீரை நெருப்பில் ஊற்றினாள். மீதியை இளமாறன் முகத்தில் விசிறியடித்தாள்.

"இன்னும் இன்னாத்தடா கொளுத்தணும் ஒங்களுக்கு?"

"நான் வைக்கலண்ணி!" என்றான் இளமாறன். அரிதாரம் கரைந்து கழுத்தில் ஒழுகியது. "சத்தியமா நான் வைக்கல! அன்னிக்கி நான் இங்க இல்லவே இல்லண்ணி!"

தீப்பெட்டி அவன் கையில் இருந்தது. அதைக் கீழே போட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

கோகிலவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர்க்காரன் ஒருவன் காலனி நடுவில் வைக்கோலைக் கொண்டுவந்து கொளுத்துகிறான். அதை ஒத்திகை பார்த்து, நேரம் சொல்லி, தலையை ஆட்டிச் செய்யவைத்தவள் அவள். வெயிலில் காயவைத்து எடுத்துவருகிறோம் என்று கூரைமேலிருந்து ஒரு மனுஷன் சொன்னது, இப்போதுதான் சொன்னது போல அவள் காதில் விழுந்தது. அப்போது அவள் பனியைப் பற்றிப் பேசினாள்.

பிள்ளைகளைத் தேடி எல்லாரும் கரும்புக்குள் போனார்கள். அவளும் போனாள். சோகை முகத்தைக் கீறியது. தெரிந்த பேர்களையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள். "கண்ணு, நான்தான், வாணியக்கா, வெளிய வா சாமி." அவள் கூப்பிடக் கூப்பிட, உள்ளே சருகு நொறுங்குகிற சத்தம் அவளைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தது. அவள் நின்றாள். பின்னாலிருந்து தன் பெண்ணைக் கூப்பிடுகிற காசிநாதனின் குரல் கேட்டது. "யம்மா, அப்பா வந்துகிறன். ஒண்ணுமில்ல. வா, வூட்டுக்குப் போலாம்." அவர் குரலுக்கும் கொளஞ்சியம்மாளின் குரலுக்கும் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கோகிலவாணி வாயை மூடிக்கொண்டு வரப்பில் வந்து நின்றாள். தன் குரல் இவர்களுக்கு எந்தக் குரலாகிவிட்டது என்று புரிந்துவிட்டது.

எல்லாப் பிள்ளைகளும் வந்த பிறகு காசிநாதன் அவளிடம் வந்தார்.

"கெளம்புங்கம்மா. மலைக்குக் கடைசி பஸ்ஸு பூடும். பச்சையம்மா பாவம், பொம்பளைங்களக் கூட்டிக்கினு வந்திருக்குது."

"நீ அன்னிக்கே சொன்ன காசிண்ணே. எனக்குப் புரியல."

"புரியற மாதிரி நான் சொல்லலம்மா."

"திட்டிட்டுப் போயேன் காசிண்ணே. கொளஞ்சி அண்ணி கேட்ட மாதிரி நீயும் கேளேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். தூக்கம் கெட்ட மனுஷனின் சலிப்புதான் இருந்தது.

"இன்னாத்தன்னு திட்டறது? நீங்க நல்லது பண்ணலாம்னுதான் வந்தீங்க. நாங்க இங்க இருக்கணும். காலையில கரும்பு வெட்டப் போவணும்." மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இனிமே என்னக் கூப்புடாதீங்கம்மா."

கொட்டகையைக் காலி செய்த அன்று காலனிப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. பச்சையம்மாள் தங்கள் சேலைகளையும் சலங்கைகளையும் எடுத்துக்கொண்டு போக வந்தாள். இளமாறன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தான். கிரீடத்தை அவனுக்குக் கொடுத்தாள். வேண்டாம் என்றான்.

"அத்தத் தலையில வச்சா அந்த நெருப்புதான் கண்ணுல வருதுக்கா. ஊருல எங்க ஆளுங்க சிரிக்கறாங்க, அவங்களுக்கு ஒழைச்சதுக்கு மூஞ்சில தண்ணிய வாங்கிக்கினியான்னு. அங்க போனா நான் வீடு கொளுத்தினவன். ரெண்டு பக்கமும் நான் இல்ல."

"எல்லாம் என்னாலதாண்டா."

"ஆமா" என்றான். இல்லை என்று சொல்வான் என எதிர்பார்த்திருக்கிறோம் என்பது அவன் ஆமா என்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவன் போனபின் பச்சையம்மாள் மூட்டையைக் கட்டி முடித்தாள். கோகிலவாணி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அழுவாத வாணி."

"அழல."

"நாங்க ஆடிக்கினுதான் இருப்போம். மலையில கல்யாணம் வருது, சாமி கும்புடறது வருது. எங்களுக்கு நின்னு போவாது. காசியண்ணனுக்கும் கையி இருக்குது, மேளம் இருக்குது. ஒனக்குத்தான்..." என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, "மலைக்கு வந்து நாலு நாளு இருந்துட்டுப் போ" என்றாள். வரமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பச்சையம்மாள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு இறங்கிப் போனாள்.

சொல்லாமல் விட்டதைக் கோகிலவாணி தனியே உட்கார்ந்து முடித்துக்கொண்டாள். அவர்கள் மூன்று பேரிடமும் இருந்ததை எடுத்து அவள் ஒன்றாகக் கோத்தாள். கோத்த நூல்தான் அவள். மணிகள் பிரிந்து போனால் மணி மணியாகவே இருக்கும். நூலை என்ன செய்வார்கள்? கொட்டகையின் சொந்தக்காரர் அடுத்த வாரமே கிழங்கு கொண்டுவந்து கொட்டிவிட்டார்.

மாசி கடைசியில் ஊரில் அவள் பெரியப்பா பச்சமுத்து செத்துப்போனார். வயதான சாவு. அதனால் பந்தல், பாடை எல்லாம் பெரிசாகவே செய்தார்கள். கோகிலவாணி பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். தெருக்கோடியில் மேளச்சத்தம் கேட்டது. அந்தக் கை யாருடையது என்று ஆயிரம் கைகளுக்கு நடுவிலும் அவளுக்குத் தெரியும்.

"வந்துட்டானுங்களே" என்றாள் பக்கத்தில் இருந்த அத்தை. "எத்தினி வருஷம் ஆச்சி நம்ம தெருவுல மேளம் கேட்டு. ராங்கி புடிச்சிக்கினு இருந்தானுங்க. இப்பதான் வழிக்கு வந்திருக்கானுங்க."

கோகிலவாணி எழுந்து வாசலுக்கு வந்தாள். பந்தலுக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில், காசிநாதனும் கூட்டாளிகளும் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். வெற்று மார்பு. கண்ணைத் தாழ்த்தியிருந்தார். டில்லி மேடையில் அடித்ததைப்போலவே சுத்தமாக அடித்தார். ஒரு அடி குறையவில்லை, ஒரு அடி கூடவும் இல்லை. ஏனோதானோவென்று அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செல்லமுத்து ஒரு முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான். "மேளக்காரங்களுக்குப் போடு. வூட்டுப் பொம்பளை யாராச்சும் போடணும். நிக்காத, போ."

அவள் முறத்தோடு போனாள். பந்தலில் பெரிய மனுஷர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றே இருந்தது அவளுக்கு. காசிநாதன் அடிப்பதை நிறுத்திவிட்டுத் துண்டை அவிழ்த்து இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். காசிண்ணே என்று கூப்பிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம், அந்த ஒரு வார்த்தையை இந்தத் தெருவில், இத்தனை பேர் காதில் விழச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. அவள் உதட்டைப் பிரித்தாள். நாற்காலியில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

அவள் அரிசியைப் போட்டாள். அவர் துண்டை முடிந்துகொண்டு மேளத்தை எடுத்தார்.

உள்ளே திரும்பியதும் அத்தை அவளை இழுத்து மாரடிக்கிற வட்டத்துக்குள் உட்காரவைத்தாள். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி வாய்விட்டு அழுதாள். வெளியே மேளம் ஏறும்போது அவள் குரலும் ஏறியது. அது தாழும்போது தாழ்ந்தது. அவள் விட்டுவிட முயன்றாள். உடம்பு விடவில்லை. ஏழெட்டு வருஷம் அந்தக் கைக்குப் பழகிய உடம்பு.

அன்று பெரியப்பாவுக்கு நன்றாக அழுதவள் அவள்தான் என்று சாவுக்கு வந்த பெண்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.